இளைய தாரத்தின் தேதி

நம் விமர்சனத்துக்குள் சில சொற்கள் எந்தப் பரிசோதனையுமின்றி வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டன. 'சோரம்', 'முறைகேடான உறவு', 'ஒழுக்க மீறல்', அப்புறம் 'மீறலின் அழகியல்'. கடைசியாகச் சொன்னது கொஞ்சம் நவீனமாக உடுத்திக்கொண்டு வருகிறது. உள்ளே சரக்கு ஒன்றுதான். ஒரு நாவலில் ஒருத்தி கட்டியவனை விட்டு இன்னொருவனோடு போய்க் குடித்தனம் நடத்தினாள் என்றால் பழைய விமர்சகன் முகம் சுளித்தான், புதியவன் கைதட்டுகிறான். அவள் எதையோ மீறிவிட்டாள் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எதை மீறினாள், எந்த வருஷத்தில், எந்த ஊரில் என்று கேட்டுப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அது வக்கீல் கேட்க வேண்டிய கேள்வி, படைப்புக்கு வெளியே நிற்பது என்று ஒரு எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சொல்லுக்குத் தேதி உண்டு என்பதை மறந்துவிட்டு அந்தச் சொல்லால் ஒரு படைப்பை அளப்பவன், அளவுகோலே இல்லாமல் அளக்கிறான்.

இது நாவல் விமர்சனத்தோடு நிற்கிற வியாதியும் அல்ல. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தன் வம்சவழியைச் சிறு புத்தகமாக அச்சிட்டிருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுத்தார்கள். ஆறு தலைமுறை. ஒவ்வொரு ஆணுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பெண், கோடு போட்டு, கட்டம் கட்டி. தச்சன் இழைத்த மாதிரி சுத்தமான மரம். அதே வீட்டில் இரும்புப் பெட்டியில் கிடந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் நான் படிக்க நேர்ந்தது. சுதந்திரத்துக்கு முந்தையது. அதில் 'மூத்த தாரத்து மக்கள்' இருவர், 'இளைய தாரத்து மக்கள்' மூவர் என்று எழுதுகிறவர் கூசாமல் எழுதியிருக்கிறார். புத்தகத்தில் ஐந்து பேரும் ஒரே வயிற்றில் பிறந்துவிட்டார்கள். தொகுத்தவரைக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க? இப்பப் படிக்கிற பிள்ளைங்க தப்பா நினைச்சுக்கும்" என்றார். நல்ல மனிதர். தன் சொந்தப் பாட்டியை, அவள் தாலி கட்டிக்கொண்ட நாளில் பிறந்தே இராத ஒரு சட்டத்தின் கீழ் குற்றவாளியாக்கி, தண்டனையாக அச்சிலிருந்தும் நீக்கிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது.

மதராஸ் மாகாணத்தில் இந்து ஆண் ஒருவன் மனைவி உயிரோடு இருக்க இன்னொருத்தியைக் கட்டுவது 1949 வரை குற்றமல்ல. அந்தக் கல்யாணம் செல்லும். அவள் மனைவி, பிள்ளைகள் பிள்ளைகள். 1949-ன் மதராஸ் இந்து இருதார மணத் தடை மற்றும் விவாகரத்துச் சட்டம்தான் இதை மாற்றியது. பம்பாய் மாகாணம் மூன்று வருஷம் முன்னதாக, 1946-ல் இதைச் செய்திருந்தது. 1955-ல் வந்த இந்துத் திருமணச் சட்டம் தேசம் முழுவதற்கும் அதை விரித்தது. ஆக, 1948 தை மாதம் கட்டிய இளைய தாரம் மனைவி. 1950 தை மாதம் கட்டியவள் சட்டத்தின் கண்ணில் யாருமில்லை. அதே பந்தல், அதே நாதஸ்வரம், அதே மஞ்சள் கயிறு. இரண்டு வருஷ இடைவெளியில் ஒரு சொல்லின் அர்த்தம் கீழே விழுந்து உடைந்துவிட்டது. சட்டத்துக்கே கொஞ்சம் ஞாபகம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பத்தாவது பிரிவில் விதவைக்கு ஒரு பங்கு என்று சொல்லிவிட்டு, ஒருவருக்கு மேல் விதவைகள் இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரு பங்கு என்று கூட்டிச் சொல்கிறது. முந்தைய காலத்திலிருந்து நடந்து வந்த சக்களத்திகளுக்காகத் திறந்துவைத்த சின்னத் திட்டிவாசல் அது. நம் வம்சவழிப் புத்தகங்கள் அதையும் அடைத்துவிட்டன.

பெண்ணின் கதை வேறு. 1860-ன் தண்டனைச் சட்டத்தில் 494-ம் பிரிவு, கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது செய்துகொள்கிற செல்லாத மறுமணத்துக்கு ஏழு வருஷம் வரை சிறை என்றது. 'செல்லாத' என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது சூட்சுமம். இந்து ஆணின் மறுமணம் செல்லும், ஆகவே அவனுக்குக் குற்றமில்லை. பெண்ணினுடையது செல்லாது, ஆகவே அவளுக்குச் சிறை. 1949 வரை இந்தப் பிரிவு எங்களூர் இந்துக் குடும்பங்களில் பெண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு வருஷமாக உயிரோடிருப்பதாகத் தகவல் இல்லாத கணவன் என்றால் விலக்கு உண்டு. தென்னாற்காட்டிலிருந்து கண்டிக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் வீடுகளில் இந்த ஏழு வருஷத்தை எப்படி எண்ணியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கடுதாசி வரவில்லை என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஆனால் நம் பக்கத்தில் பெருவாரியான சாதிகளுக்கு அறுத்துக் கட்டுகிற வழக்கம் இருந்தது. விதவையும் கட்டிக்கொள்வாள், பிடிக்காமல் தீர்த்துக்கொண்டவளும் கட்டிக்கொள்வாள். பரிசப் பணத்தையும் கல்யாணச் செலவையும் திருப்பிக் கொடுத்து, பஞ்சாயத்தில் நாலு பேர் முன்னால் தீர்ந்துவிட்டால் அப்புறம் அவள் அவன் பெண்டாட்டி இல்லை. இதை வெள்ளைக்காரன் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 1894-ல் சங்கரலிங்கம் செட்டி – சுப்பன் செட்டி வழக்கில், இருவரும் சம்மதித்து, செலவைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்து மறுமணம் செய்துகொள்ளும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஒன்றுமில்லை என்று மதராஸ் உயர்நீதிமன்றம் சொன்னது. 1955-ன் சட்டமும் தன் 29-ம் பிரிவில் வழக்கப்படியான மணவிலக்குக்கு இடம் விட்டிருக்கிறது. நம் விமர்சகர்கள் 'மீறல்' என்று கண்டுபிடித்துப் பூரித்த பல இடங்களில் உண்மையில் நடப்பது ஒரு கணக்குத் தீர்வு. ரசீது மட்டும் கிடையாது.

சீர்திருத்தம் இந்த மக்களை எப்படி வந்தடைந்தது என்பது இன்னும் கசப்பான அத்தியாயம். 1856-ன் விதவா மறுமணச் சட்டத்தை நாம் ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் படத்தோடு பாடப் புத்தகத்தில் படித்தோம். அதன் இரண்டாவது பிரிவைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை. மறுமணம் செய்துகொள்ளும் விதவை இறந்துபோனவளாகக் கருதப்பட்டு, முதல் கணவன் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமை போய்விடும். மறுமணமே கூடாது என்றிருந்த மேல்சாதிப் பெண்ணுக்கு இது ஒரு கையால் கொடுத்து மறு கையால் கொஞ்சம் எடுத்துக்கொள்வது. ஏற்கெனவே தாராளமாக அறுத்துக் கட்டிக்கொண்டிருந்த சாதிப் பெண்ணுக்கோ கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, எடுப்பது மட்டும்தான். 1877-ல் மறவர் விதவை ஒருத்தியின் வழக்கில், அவள் சாதியில் மறுமணம் வழக்கம் என்றாலும் முதல் புருஷன் சொத்து அவளுக்கு இல்லை என்றே மதராஸ் உயர்நீதிமன்றம் தீர்த்தது. அலகாபாத் நீதிமன்றம் வேறு மாதிரி நினைத்தது. நாம் இருந்தது மதராஸில்.

மாதவையாவின் 'முத்துமீனாட்சி' 1903-ல் புத்தகமாக வந்தது. துணிச்சலான எழுத்து என்று நாம் சொல்லுவது சரிதான். ஆனால் அந்த நாவலுக்குத் தெரிந்த விதவை ஒரே வகைதான்: சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ அந்த விதவை. அக்ரகாரத்துக்கு அப்பால், களத்துமேட்டில் மறுதாலி கட்டிக்கொண்டு நெல் தூற்றுகிறவள் அதன் பிரக்ஞையில் இல்லை. இதை மாதவையாவின் குறையாக நான் சொல்லவில்லை. அவர் தன் வீட்டுத் தீயை அணைத்தார். அந்த ஒரு விதவையையே தமிழ்ச் சமூகத்தின் விதவை என்று எடுத்துக்கொண்டு இலக்கிய வரலாறு எழுதியவர்களின் குறை அது.

சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) இதற்கு நேர் எதிர்த் தளத்தில் நிற்கிறது. காத்தமுத்துவின் வீட்டில் கனகவல்லியும் நாகமணியும் இருக்கிறார்கள். தங்கம் அடிபட்டு அந்த வாசலுக்கு வந்து சேர்கிறாள். தங்கம் விதவை. புருஷனுடைய பங்கு நிலத்தைக் கொழுந்தன்கள் விட மறுக்கிறார்கள். 1877-ன் தீர்ப்பு சொத்தை மறுமணம் செய்துகொண்டவளிடமிருந்து எடுத்தது. கொழுந்தன்களுக்கு அந்த முகாந்திரம்கூடத் தேவைப்படவில்லை. காத்தமுத்து அவளுக்காக மனு தயாரிக்கும் இடத்தை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். நடந்தது வேறு, மனுவில் நடப்பது வேறு. போலீஸ் ஸ்டேஷனில் எடுபடக்கூடிய வடிவத்துக்கு அவள் அனுபவத்தை அவன் வெட்டித் தைக்கிறான். பத்திரம், மனு, வாரிசுச் சான்று என்று நம் குடும்ப வரலாறுகளுக்கு மூலமாகக் கிடைக்கும் அத்தனை காகிதமும் இப்படித் தைக்கப்பட்டதுதான். காகிதத்தை நம்புகிற வரலாற்று ஆராய்ச்சிக்காரர் ஒவ்வொருவரும் அந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

அந்த வீட்டை மகள் கௌரி பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதுதான் 1955-ன் பார்வை. படித்த பெண், அப்பாவின் இரட்டைக் குடித்தனம் அவளுக்கு அருவருப்பு. அவள் கோபம் நியாயமானது. காத்தமுத்துவை எந்தச் சாதி வழக்கத்தைச் சொல்லியும் நான் காப்பாற்றப் போவதில்லை. ஆணுக்கு மட்டும் கதவு திறந்திருந்த ஏற்பாடு அது. ஆனால் கௌரியின் கோபம் அப்பாவோடு நிற்பதில்லை. அது நாகமணியின் மேலும் விழுகிறது. சட்டமும் அப்படித்தான்: காத்தமுத்து போன்றவனைத் தடுக்க வந்தது, அவனைக் கணவனாகவே விட்டுவிட்டு, அவளை மனைவியில்லாமல் ஆக்கியது. நாவல் இதைச் சூத்திரமாகச் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் சண்டை போட்டுக்கொண்டு, சமைத்துக்கொண்டு, சில சமயம் கூட்டுச் சேர்ந்துகொண்டு இருப்பதைக் காட்டுகிறது. தன் நாவலின் மேலேயே சந்தேகம் கொண்டு சிவகாமி 1997-ல் 'ஆசிரியர் குறிப்பு' எழுதினார் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் எழுத்தாளர்கள் பொதுவாகத் தங்கள் புத்தகத்தின் மேல் சந்தேகம் கொள்வதில்லை. அடுத்த பதிப்புக்கு முன்னுரை எழுதுவார்கள்.

கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' (1999) இன்னும் கிட்டத்தில், விருத்தாசலத்துச் செம்மண்ணில் நடக்கிறது. ஒருவனைக் காட்டி வேறொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்டவள், அவனை விட்டு இன்னொருவனோடு போகிறாள், அங்கும் வாழ முடியாமல் திரும்பி வருகிறாள். இதைத்தான் 'மீறல்' என்று கொண்டாடினார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இதில் முதலில் மீறியது யார்? ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தை 1955-ன் சட்டமே 12-ம் பிரிவில் கல்யாணத்தை ரத்து செய்யப் போதுமான காரணம் என்கிறது. அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அஞ்சலைக்குக் கோர்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஊர்வாய். ஊர்வாய் அவளை என்ன பெயர் சொல்லி அழைக்கிறது என்பதில்தான் அந்த நாவலின் மொத்தக் கனமும் இருக்கிறது. துயரத்தை அடுக்கிக்கொண்டே போவது சில இடங்களில் எனக்கு அலுப்பூட்டியது. இரக்கம் மிகுந்த எழுத்தில் இந்த ஆபத்து உண்டு. ஆனால் அவளைத் தீர்ப்புக் கூண்டில் ஏற்றாமல் நடுவூரில் நடக்கவிட்டிருக்கிறார் ஆசிரியர். அது சின்ன விஷயமல்ல.

அஞ்சலை நடந்த மண்ணிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைந்து வளைந்து மேலே போனால் கரியாலூர், வெள்ளிமலை. இந்த ஏற்றத்தில் எந்த இடத்திலோ இந்துத் திருமணச் சட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொள்கிறது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைவாசிகள் (கேரளத்தோடு சம்பந்தமில்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்கிறவர்கள்) இங்கே பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலன்றி அச்சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் இரண்டாவது பிரிவே சொல்கிறது. 2001-ல் உச்சநீதிமன்றம் வடக்கே பழங்குடித் தம்பதி ஒருவரின் வழக்கில், இரண்டாவது கல்யாணம் தங்கள் வழக்கப்படியே செல்லாது என்று நிரூபித்தாலொழிய இருதாரக் குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. கீழே கச்சிராயபாளையத்தில் குற்றமாக இருப்பது மேலே வழக்கம். ஒரே மக்களுக்குள்ளும் கோடு வளைகிறது: ஈரோட்டுப் பர்கூர் மலையின் மலையாளிகள் பட்டியலில் இடம் கேட்டு நெடுங்காலம் நின்றார்கள். மாவட்ட எல்லை ஒருத்தி மனைவியா இல்லையா என்று தீர்மானிப்பது தமிழ் நாவலாசிரியர் எவரும் கற்பனை செய்யத் துணியாத விஷயம்.

தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் மலையாளிகளைப் பற்றி நீளமான பகுதி இருக்கிறது. கணவனை விட்டு வேறொருவனோடு வாழ்பவளின் பிள்ளைகள் கணவனின் பிள்ளைகளாகவே எண்ணப்படுவது போன்ற வழக்கங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். படிக்கிறபோது பூச்சி சேகரிப்பவனின் ஊசி தெரிகிறது. அவர்கள் பார்த்தது வழக்கத்தை. வழக்கத்துக்குள் இருந்த நியாய சாஸ்திரத்தை அல்ல. அன்று இந்த மலை மூன்று ஜாகீர்களாக, சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற பாளையக்காரர் வழியினரின் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசு முழுதாக எடுத்துக்கொண்டது. அதுவரை மேலே நடந்த பிரிவும் சேர்வும் எந்த சர்க்கார் காகிதத்தைத் தேடிப் போயிருக்கும்? குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு இங்கே காகிதம் கிடையாது, வாய் மட்டும்தான்.

கரியாலூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் அவர் வம்சத்தைச் சொல்லக் கேட்டேன். 'பெரியவ', 'சின்னவ' என்று இரண்டு அடுப்பையும் தனித்தனியாகப் பிரித்து, எந்தப் பிள்ளை எந்த அடுப்பு என்று விரல்விட்டுச் சொன்னார். ஒருத்தி முதலில் வேறு ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள் என்று பேச்சில் வந்தது. அவளை அங்கேயிருந்து எப்படி, என்று நான் இழுத்தேன். "பரிசத்தைத் திருப்பிக் குடுத்தாச்சுங்க சார். அப்புறம் என்ன இருக்குது?" என்றார். 1894-ன் தீர்ப்பை இத்தனை சுருக்கமாக எந்த வக்கீலும் சொன்னதில்லை.

மலையைச் சொர்க்கமாக்கி எழுதும் சபலம் நம் எழுத்தாளர்களுக்கு உண்டு. எனக்கு அதில் நாட்டமில்லை. அதே விலக்கு வாரிசுரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. மேலே இளைய தாரம் மனைவியாக இருக்கிறாள், சரி. அவள் பெற்ற மகளுக்கோ அந்தச் சட்டத்தின் கீழ் நிலத்தில் பங்கு கேட்க வழியில்லை. 2022-ல் உச்சநீதிமன்றம் இந்த விலக்கை மத்திய அரசு மறுபடி யோசிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் இரண்டு அடுப்பின் பெண்பிள்ளைகளையும் எண்ணினார்தான். நிலம் எண்ணும்போது அவர்கள் பெயர் வரவில்லை.

கீழே சட்டம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்றால், அங்கே வேறொரு நாடகம். 1965-ல் உச்சநீதிமன்றம், இரண்டாவது கல்யாணம் உரிய சடங்குகளோடு நடந்தால்தான் இருதாரக் குற்றம் என்றது. ஆக, புகார் கொடுக்கும் மூத்தவள் தன் புருஷனின் இரண்டாம் கல்யாணம் முறைப்படி, குறைவில்லாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அவனோ, அது கல்யாணமே இல்லை, சும்மா சேர்த்துக்கொண்டது என்று இளையவளின் காதில் விழும்படி சத்தியம் செய்வான். 1967-ல் தமிழ்நாடு 7ஏ பிரிவைச் சேர்த்து சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. அதற்கு முன் 1953-ல் உயர்நீதிமன்றம் அத்தகைய கல்யாணம் ஒன்றைச் செல்லாது என்றிருந்தது. அந்த 7ஏ-யை வைத்து, ஏழடி வைக்காவிட்டாலும் மாலையும் தாலியும் போதும், அதுவும் கல்யாணமே, ஆகவே குற்றமே என்று 2001-ல் உச்சநீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் முடிவு செய்தது. புரோகிதரை ஒழிக்க வந்த சீர்திருத்தம் முப்பத்துநாலு வருஷம் கழித்து ஒரு மூத்த தாரத்துக்கு உதவியாக வந்து நின்றது. 494 இப்போது 2024 ஜூலையிலிருந்து நியாய சம்ஹிதையின் 82-ம் பிரிவு. எண் மாறியிருக்கிறது.

பிள்ளைகளை மட்டும் சட்டம் மெல்ல மெல்லத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1976-ன் திருத்தத்தில் 16-ம் பிரிவு மாற்றப்பட்டு, செல்லாத கல்யாணத்தின் குழந்தைகளும் முறையான குழந்தைகள் ஆனார்கள். தகப்பனின் கூட்டுக்குடும்பப் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023-ல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. கீழே இன்று ஒரு வாரிசு மனுவில் பிள்ளைகளின் பெயர் எல்லாம் இருக்கலாம், தாய்க்கு மட்டும் இடம் இருக்காது. அந்த அச்சிட்ட வம்சவழியில் இருப்பதும் இதே உருவம்தான்: ஐந்து பிள்ளைகள், ஒரு வயிறு. தொகுத்தவரிடம் 1949 என்ற வருஷத்தைச் சொல்லி, உங்கள் பாட்டி கட்டிக்கொண்டது எப்போது என்று கேட்டேன். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு, அவள் பெயர் என்ன என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.